ஒன்பது சுற்றும் முப்பத்தாறு மணியும்

சிவசுப்பிரமணியம் ஜபமாலையில் ஏழாவது சுற்றை உருட்டிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் யாரோ செருமினார்கள்.

ஐம்பத்துநாலாம் வருஷத்து ஆடிப் பௌர்ணமி. குருபூசை நாள். இரண்டு வருஷத்துக்கு முன் பதுளைக்கு வந்த இந்தியச் சாமியார், தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்ற மரியாதைக்காக இவர் காதில் குருமந்திரத்தை ஓதி, "உத்தியோகஸ்தருக்கு நூற்றெட்டு போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போதும்தான். ஆனால் லுணுகலைப் பக்கம் கிளாக்கராயிருக்கும் பத்மநாதன் ஐந்நூற்று நான்கு சொல்கிறாராம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நூற்றெட்டு இவருக்குக் கூச்சமாகிவிட்டது. ஆகவே ஆயிரத்தெட்டு. ஒன்பது சுற்று, அதற்குமேல் முப்பத்தாறு மணி. நடுவில் எழுந்தாலோ வாய் திறந்து பேசினாலோ முதலிலிருந்து. இந்தச் சட்டம் குரு போட்டதல்ல, சீடனே போட்டுக்கொண்டது. சட்டம் கடுமையாக இருந்தால்தானே பத்மநாதனுக்குக் கடிதம் எழுத முடியும்.

"ஐயா..." தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் அழகரின் குரல். "எம் பொஞ்சாதி பெரியாயிக்குப் புள்ள பொறந்திருச்சுங்க. ரத்தந்தான் நிக்கல. மருந்தய்யா ஒடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாருங்க. லாரிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

தோட்டத்துத் துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் லாரியில் ஆள் ஏற்றப் பெரிய கிளாக்கரின் கையெழுத்து வேண்டும். தேயிலைப் பெட்டிகளோடு லாரி ஒன்பது மணிக்குத் தெமோதரை ஸ்டேஷனுக்கு இறங்கிவிடும்; பதுளைக்கும் அதே வழிதான். இப்போது எட்டேமுக்கால்.

மனைவி லீலாதேவி துண்டைத் தானே எழுதி, பேனாவோடு பூசை அறைக்குள் கொண்டுவந்து நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, வாய் திறக்க வேண்டாம். ஒரு கையெழுத்துத்தானே."

அவர் தன் வலக்கையைப் பார்த்தார். அதில் மாலை இருந்தது. கீழே வைத்தால் எண்ணிக்கை போய்விடும். இடக்கையால் எழுதுவது அபசாரம். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மந்திரத்தை மட்டும் கொஞ்சம் விரைவாக்கினார். அது அவர் பெரியாயிக்குக் காட்டிய சலுகை.

வெளியே லீலாதேவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "லொறியைக் கொஞ்சம் மறிச்சு வையன், அழகர்."

"டிரைவர் முருகையா அண்ணங்கிட்டக் கேட்டேம்மா. துண்டு இல்லாம ஏத்துனா பத்துச்சீட்டக் கையில குடுத்து வேலைய விட்டே தொரத்திருவாங்களாம். அவருக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

குரு சோதிக்கிறார் என்று சிவசுப்பிரமணியத்துக்குப் பட்டது. பெரிய சீடர்களுக்கெல்லாம் இப்படி நடந்திருக்கிறது. சோதனைக்கு இன்னொருத்தியின் ரத்தம் செலவாவது பற்றி அவர் எங்கும் படித்ததில்லை, அந்த நேரத்தில் அது அவருக்குத் தோன்றவுமில்லை. எட்டாவது சுற்று முடியும்போது லாரி முனகிக்கொண்டு கீழ் வளைவில் இறங்கும் சத்தம் கேட்டது. மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவர் உடம்பு தளர்ந்தது. இனி அவசரமில்லை. மிச்ச மந்திரத்தை அட்சரசுத்தமாக, நிதானமாகச் சொல்லி முடித்தார்.

கற்பூரம் காட்டி எழுந்து, துண்டில் வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டு, ஒரு சிட்டிகை விபூதியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முற்றத்தில் யாருமில்லை.

"எங்கை அவன்?"

"கம்பிளியிலை கட்டித் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். நாலு பேர். நடந்து."

"துண்டு வாங்காமலோ?"

லீலாதேவி பழைய சேலை இரண்டை மடித்து எடுத்துக்கொண்டு, குழந்தை கிடக்கும் தொழிலாளர் லயத்தை நோக்கி இறங்கினாள்.

பதினொரு மணிக்குக் கந்தோரில் தன் மேசை முன் உட்கார்ந்து அவர் பத்மநாதனுக்கு எழுதத் தொடங்கினார். 'இடையூறு வந்தும் இன்று ஆயிரத்தெட்டும் பங்கமின்றி...' கச்சான் காற்று கடதாசியைப் புரட்டியது. பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தார். நாலு பேர் கம்பிளி கட்டிய மூங்கிலைத் தோளில் சுமந்து மேலே வந்துகொண்டிருந்தார்கள். பதுளைக்குப் போய்த் திரும்பும் நேரம் இன்னும் ஆகவில்லை. ஒருவரிடமும் அவசரமில்லை.

அவர்களுக்குப் பின்னால், பெட்டிகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லாரி ஹார்ன் அடித்தது. அவர்கள் தண்ணீர்க் கான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். லாரி போகவில்லை. முருகையா குதித்து இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்தான். பின்பலகையைத் திறந்து விட்டான்.

"ஏத்துங்கடா."

"துண்டு இல்லண்ணே," என்றான் அழகர்.

அந்தக் குரல் ஜன்னல் வரைக்கும் வந்தது. நாலு பேரும் நடந்தார்கள். முருகையா ஏறி வண்டியை எடுத்தான், ஆனால் அவர்களை முந்தவில்லை. திறந்த பின்பலகை ஒவ்வொரு குழியிலும் தடாலென்று அடித்துக்கொள்ள, வெறும் லாரி அவர்கள் நடைக்கு நடையாக லயம் வரை ஊர்ந்து போனது.