இரண்டு டொலர் ஐம்பது சதம்

அஜந்தினி டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் வேலை முடிந்து பேருந்துக்கு நின்றபோது ரொறன்ரோவிலிருந்து ஸ்ரிபன் அண்ணையின் அழைப்பு வந்தது.

“அம்மான்ர பெட்டிக்கு ரெண்டு டொலர் ஐம்பது சதமோடி? அனுப்பாமலே இருந்திருக்கலாம்.”

அம்மாவின் இறுதிச் சடங்குக்குத் தன் பங்காக இரண்டாயிரத்து ஐந்நூறு டொலரை நேற்று அங்குள்ள மண்டபத்தின் இணையப் பக்கத்தில் கட்டியிருந்தாள். ரசீதைத் திறந்தாள். 2.50 என்றிருந்தது. டென்மார்க் வழக்கப்படி ஆயிரத்துக்குப் புள்ளி வைத்து 2.500 என்று அடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அண்ணை, இஞ்ச ஆயிரத்துக்குப் புள்ளி, சதத்துக்குக் கொமா. அங்க மறுவளம். என்ர ரெண்டாயிரத்தை ரெண்டாக்கிப் போட்டுது. மிச்சத்தை இப்பவே கட்டுறன்.”

வந்து நின்ற பேருந்தில் ஏறாமல் அவளே தொடர்ந்தாள்.

“பிறந்ததில இருந்து என்னைத் தெரியும். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கலாம்தான்.” அவர் குரல் இறங்கியது. “மண்டபத்தில இருந்து வந்த ரசீதை விடியவே குடும்பக் குறூப்பில போட்டிட்டன்.”

வேலை நேரத்தில் பார்க்காமல் விட்ட குறூப்பை அவள் திறந்தாள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை.