ஒன்பது நொடிக்கு நாலரை ஸ்டார்

...இல்லை, இன்னும் வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தேயிலை ஃபேக்டரி வளைவு தாண்டினால்தான் போனுக்கு சிக்னல், அதுவரைக்கும் விமர்சனத்தின் தலைப்பு மட்டும், கவாத்து இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பம், அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அனுப்பியது ஜிஜோ, எங்கள் டிரம்மர். லிங்கை மட்டும் அனுப்பியிருக்கிறான், நல்லதா கெட்டதா என்று ஒரு பொம்மையாவது போட்டிருக்கக் கூடாதா, கழுதை. மூணாறு ஸ்டாண்டில் ஏறும்போதே இந்த ஜீப்பில் பத்துப் பேர், பதினொன்றாவது அம்மா, பன்னிரண்டாவது ஆளாக நான், என் காலடியில் யாருடையதோ கோழித்தீவன மூட்டை, பக்கத்தில் அம்மா மடியில் அடிமாலி ஆஸ்பத்திரி கவர். ஜோமோன் அண்ணன் வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொண்டே கண்ணாடியில் பார்த்து, "என்னா பெர்சி, தொண்டை எப்டி இருக்கு? கச்சேரி எப்ப?" என்றார். "அவ பேசக் கூடாதுப்பா, இன்னும் ஒரு மாசம் வாயத் தொறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்று அம்மா பதில் சொன்னாள். ஒரு மாசம்... டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் போனில் டைப் அடித்து அம்மாவிடம் காட்டினேன், அவளும் நம்பிவிட்டாள், நான் டைப் அடித்தால் பொய் இருக்காது என்று நினைக்கிறாளோ என்னவோ.

பெங்களூர்க்காரர்தான் எழுதியிருப்பார், வேறு யார், தொண்டை கிழியக் கத்துகிற மெட்டல்கோர் பாட்டு என்றால் அந்த இணையதளத்தில் அவர்தான். முதல் ஆல்பம் 'மஸ்டர்' வந்தபோது அவர் எழுதியது இன்னும் மனப்பாடம், கண்ணை மூடிக் கேட்டால் ஒரு பெண் கத்துகிறார் என்றே தெரியாது, இதைப் பாராட்டு என்று எழுதியிருந்தார், ஜிஜோகூட அதை ஸ்டேட்டஸில் வைத்தான், நான் என்ன செய்தேன், நானும்தான் வைத்தேன், வெட்கங்கெட்டவள். மூன்று வருஷம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துப் பழகின சத்தம் அது, எஸ்டேட் லயத்து வீடுகளில் ஒற்றைச் சுவர்தானே இடையில், பக்கத்து வீட்டு மாரித்தாய் அக்கா எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை ஓடி வந்திருக்கிறாள், அவளுக்குத் தெரிந்தது பெண் சத்தம் என்று, இவருக்குத் தெரியவில்லை. சரி, பெண் என்று தெரியட்டும் என்றுதான் இரண்டாவது ஆல்பம் 'அட்டை'யில் நாலு பாட்டைக் கத்தாமல் பாடினேன். அம்மாகூட கொழுந்து எடுக்கும்போது அதில் ஒன்றை முணுமுணுத்தாளாம், உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அதற்கு அவர் என்ன எழுதினார், அழகாகத் தெரிய ஆசைப்பட்டுவிட்டார் என்று எழுதினார். இரண்டு ஸ்டார். கத்தினால் ஆம்பிளை, பாடினால் மினுக்கி, அப்புறம் நான் என்னதான் செய்ய? கர்த்தாவே, நான் என்னதான் செய்ய? பழைய பாட்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக 'கொழுந்து' எழுதினோம், கொச்சி ஸ்டுடியோவில் கடைசிப் பாட்டு, அதன் முடிவில் ஒன்பது நொடி ஒரே கத்தல், ஏழாவது தடவை எடுக்கும்போது அந்த மனுஷர் முகத்தை, பார்த்ததே இல்லாத முகத்தை, நினைத்துக்கொண்டுதான் கத்தினேன். ஐந்தாவது நொடியில் உள்ளே எதுவோ பிய்ந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. துப்பினால் சிவப்பு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜிஜோ எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும்கூடப் பிழைத்திருக்கலாம், இன்று டாக்டர் அதைத்தான் சொன்னார், பத்து நாள் முழுசாகச் சும்மா இருந்திருந்தால் பாதி ஆறியிருக்கும், நீ குசுகுசு என்று பேசினாயா என்று கேட்டார், நான் ஆமாம் என்று தலையாட்டினேன், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேசுவதைவிட அதுதான் மோசமாம், காற்றை இறுக்கி இறுக்கிப் புண்ணைக் கிழிக்குமாம், யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபம் முடிந்தால் ஆளுக்கொரு வேத வசனம் சொல்லாமல் சோறு கிடையாது, காய்ச்சலில் படுத்தவர்கூடச் சொல்லியாக வேண்டும். கொச்சியிலிருந்து வந்த முதல் நாள் நான் வாயைக் காட்டிக் கையை விரித்தேன், அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "சத்தமா சொல்லாண்டாம்டி, மெல்லக் குசுகுசுன்னு சொல்லு, கர்த்தருக்குக் கேக்கும்." சொன்னேன். ஒரு வசனத்தில் என்ன ஆகிவிடும் என்று சொன்னேன், பிறகு அதே குசுகுசுப்பில் அம்மாவுக்குப் பதில், போனில் ஜிஜோவோடு சண்டை, ஆல்பம் வரும் தேதி, அட்டைப்படம், எல்லாம். இனி ஆபரேஷன், அதற்குப் பிறகு பேச்சு வரும், கொஞ்சம் பாட்டும் வரலாம், கத்துவது... டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அம்மா அப்போது மாத்திரை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது? வசனம்தான் கெடுத்தது என்று இரண்டு தடவை டைப் அடித்தேன், இரண்டு தடவையும் அழித்தேன். தாங்கமாட்டாள், வேலைக்குக்கூடப் போகமாட்டாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வந்துவிட்டது. ஃபேக்டரிப் புகை வாசனை, போன் அதிர்ந்தது, நாலரை... நாலரையா? கண் சரியாகத்தான் இருக்கிறதா? நாலரை ஸ்டார். கடைசி ஒன்பது நொடிகளுக்காகவே இந்த ஆல்பத்தை வாங்கலாம் என்கிறார், இரண்டு ஆல்பங்களாக யாரையோ போலக் கத்தியவர், யாரையோ போலப் பாடியவர், இங்கேதான் முதன்முறையாகத் தன் சொந்தக் குரலில் வருகிறார் என்கிறார், ஐந்தாவது நொடியில் அந்தக் குரல் உடைகிற இடத்தை நேரில் கேட்கக் காத்திருக்கிறேன் என்கிறார். அடப் பாவி. அது குரல் இல்லை, அது புண், உனக்குக் காது எங்கே இருக்கிறது? இப்படித்தானே எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. முதலில் வந்தது சந்தோஷம், வயிற்றுக்குள்ளிருந்து குபுக்கென்று, ஜீப் என்றும் பார்க்காமல் எழுந்து நிற்கலாம் போல. மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அதே சந்தோஷம், இப்போதே இறங்கி இன்னொரு தடவை கத்து என்று அந்த மனுஷர் சொன்னால் கத்திவிடுவேன் என்று தெரிந்தது, ஆபரேஷனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்திவிடுவேன். நான் இப்படிப்பட்டவளா? அம்மா என் கழுத்து மஃப்ளரை இறுக்கிவிட்டாள், பனிக்காற்று பட்டுவிடக் கூடாதாம்.

"என்னடி, கண்ணு கலங்குது? மோசமா எழுதிப்புட்டானா அந்தாளு?" இல்லை என்று தலையாட்டினேன். "நல்லாத்தான எழுதிருக்கான்?" ஆமாம் என்று ஆட்டினேன். "எம் மக பாட்ட பெங்களூர்ல நல்லா எழுதிருக்காங்களாம்" என்று அம்மா முன்சீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், யாரோ அப்படியா என்றார்கள், ஜோமோன் அண்ணன் ஹார்ன் அடித்தார். நான் அழுவதை நிறுத்தவில்லை. அம்மா திரும்பி என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பெறகென்னடி?"

இதற்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது?