டிரான்ஸ்ஃபார்மருக்காக ஒரு பயான்

மௌல்வி மீர்தாதுக்குக் கோபப்படவே வராது. தொழுகைக்கு வந்தவன் எவனாவது அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டால்கூட, சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிற மனிதர். அவரைப் பார்த்துத்தான் ஊர்த்தலைவர் தாஜ்பர் கான், "வர்ற வெள்ளிக்கிழமை நீங்க கொஞ்சம் தீவிரவாதியா பேசணும்" என்றார்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊரான ஸ்பின் கலேயில் டிரான்ஸ்ஃபார்மர் கருகி இரண்டு கோடை கழிந்துவிட்டது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஓடவில்லை. பெண்கள் ஓடைக்குப் போய், கழுதைகள் குடித்தது போக மிச்சத்தை மொண்டு வந்தார்கள். ஊர் மனுக் கொடுத்துப் பார்த்தது. ஆட்டை அறுத்து அதிகாரிகளுக்குப் புலாவ் போட்டும் பார்த்தது. புலாவ் செரித்துவிட்டது, மனு அப்படியே கிடந்தது. கடைசியில், டிரான்ஸ்ஃபார்மர் வரும்வரை பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கிடையாது என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுநாளே உதவி ஆணையர் ஷெஹ்ரியார் ஜீப்பில் வந்து குதித்தார்.

"மருந்து ஹராம்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல சாகிப்," என்றார் தாஜ்பர். "மருந்து நல்ல மருந்துதான். எங்க மௌல்வியே ஓடைக்கு அக்கரையில கட்டிக்குடுத்த தன் மக பிள்ளைக்கு மடியில வெச்சுக் குடுப்பாரு. நீங்க டிரான்ஸ்ஃபார்மரக் குடுங்க, நாங்க வரிசையில வந்து நிக்கிறோம்."

ஷெஹ்ரியாரின் முகம் வாடிவிட்டது. "அடப் போய்யா. மார்க்கப் பிரச்சினைன்னா தீவிரவாத ஒழிப்பு நிதி கொட்டிக் கிடக்கு, நாளைக்கே வண்டி வரும். வெறும் கரண்டுப் பிரச்சினைக்கு மின்வாரியத்துக்குத்தான் எழுதணும். எழுதினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

தாஜ்பருக்குத் தெரியாதா? மலைக்கு அந்தப் பக்கம் நாலு வெட்டிப் பயல்கள் கறுப்புக் கொடி ஒன்றை நட்டார்கள். அந்த ஊருக்குத் தார்ச்சாலை வந்தது, சோலார் விளக்கு வந்தது, மனம் திருந்துவதற்காகக் கிரிக்கெட் மட்டைகள் வந்தன. ஒழுங்காக இருக்கிற ஊருக்கு ஒதுக்க எந்த அரசாங்கத்திடமும் பணம் இருப்பதில்லை.

"மிம்பர் மேடையில நின்னு நான் பொய் பேசினதில்ல, தாஜ்பர்," என்றார் மௌல்வி. "நான் சொன்னா சனங்க நம்பும். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அதனாலதானே உங்களக் கேக்கிறோம்! நான் பேசினா என் பொண்டாட்டியே நம்பமாட்டா. ஒரே ஒரு வெள்ளி. இதெல்லாம் சும்மான்னு வீடு வீடா நானே சொல்லி வெச்சிடுறேன்."

தண்ணீர் சுமந்து சுமந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த மனைவியை நினைத்துக்கொண்டார் மௌல்வி. சரி என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை டிராக்டர் பேட்டரியில் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். "அந்த மருந்து விஷம்" என்று ஆரம்பித்தார். அல்லாஹ்வின் வீட்டில் நின்றுகொண்டு புளுகுகிறோமே என்று நினைத்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழுதுகொண்டே பிரசங்கம் செய்ததில் பயான் அபாரமாக அமைந்துவிட்டது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பு வராமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டார்கள்.

அரசாங்கம் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தது. பெஷாவரிலிருந்து ஓர் அறிஞர், ஒரு மனநல நிபுணர், 'அமைதியின் பாதை' என்று எழுதிய பெரிய துணி, இவர்களுக்குப் பின்னால் லாரியில் புத்தம் புதிய டிரான்ஸ்ஃபார்மர். மீர்தாதுக்கு ஏற்கெனவே மனப்பாடமான வசனங்களையே அறிஞர் அவருக்கு விளக்கினார். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்துவிட்டு மௌல்வி திருந்தினார். படம் எடுத்தார்கள். மோட்டார் ஓடியது, தண்ணீர் பீய்ச்சியடித்தது, ஸ்பின் கலேயின் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயைத் திறந்து சொட்டு வாங்கிக்கொண்டார்கள். ஷெஹ்ரியாருக்குப் பதவி உயர்வு நிச்சயம் என்று பேச்சு.

சாயங்காலம் சொட்டு மருந்துக்காரப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கரையில ஒரு வீட்ல மட்டும் கதவு திறக்க மாட்டேங்கறாங்க, மௌல்வி சாகிப். உங்க மக வீடுதான்."

மௌல்விக்கு அப்போதுதான் உறைத்தது. தாஜ்பர் சொல்லி வைத்தது இந்த ஊர் வீடுகளில் மட்டும்தான். ஒலிபெருக்கி ஓடையோடு நின்றிருக்காது.

"வாங்க, நானே கொண்டு விடறேன்," என்று ஷெஹ்ரியார் உற்சாகமாக ஜீப்பைக் கிளப்பினார்.

மகள் பஸ்மினா கதவை ஒருக்களித்து, குழந்தையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அது பொய்யும்மா. கரண்டுக்காகச் சொன்னேன். நானே அவனுக்கு மடியில வெச்சுக் குடுத்திருக்கேனே!"

"அத நெனச்சுதான், பாபா, நான் ராவெல்லாம் தூங்கல. அறியாமக் குடுத்துட்டீங்க, அதான் அப்படி அழுதீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"பொய் சொல்றோமேன்னுதாம்மா அழுதேன்."

"பொய் சொல்றவன் எங்கயாவது அழுவானா? நீங்க எப்ப பொய் சொல்லியிருக்கீங்க?" அவள் அவருடைய தோளுக்கு மேலாக ஜீப்பையும், அதில் சாய்ந்து நின்ற அதிகாரியையும் அவருடைய துப்பாக்கி ஏந்திய காவலனையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க தனியா நின்னு பேசினீங்க. இன்னிக்கு இவங்க கூட்டிட்டு வந்திருக்காங்க. உங்கள மிரட்டிச் சொல்ல வெக்கிறாங்கன்னா வாயால சொல்ல வேணாம் பாபா. ஒரு தடவ கண்ண மட்டும் சிமிட்டுங்க. நான் புரிஞ்சுக்கிறேன்."

மௌல்வி மீர்தாதுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இமை துடித்தது. கண்ணை அகல விரித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் மகளின் வாசலில் அப்படியே நின்றார்.