டோரின் வீட்டு மொட்டைமாடி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் துறைமுகம் முழுதாகத் தெரிகிற மொட்டைமாடி இனி ஒன்றுதான் மிச்சம். அது டோரின் வீட்டு மாடி. வீட்டை வாங்க வந்த புரோக்கர்மாரில் ஒருவரைக்கூட அவள் படியேற விட்டதில்லை. வீடு அவள் பெயரிலும் இத்தாலியில் இருக்கும் அண்ணன் பெயரிலும் இருக்கிறது. மேலிருந்து தெரியும் காட்சி வெளியே போனால் அண்ணனுக்கு விற்கும் ஆசை வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். என்னை மட்டும் விட்டாள். "நீங்க படம்தானே கீறப் போறீங்க, வாங்க" என்றாள்.

வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போய் அங்கே நின்று கீறுவேன். வீட்டுக்குள் இருந்து போட்டோவைப் பார்த்துக் கீறுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெயிலில் நிற்க வேண்டும், காகம் எச்சம் போட வேண்டும், அப்போதுதான் அது நிலக்காட்சி. டோரின் பிளேன்டீயோடு வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். அவளுடைய கொடிக்கயிறும் கறிவேப்பிலைச் சாடியும் படத்தின் முன்பக்கத்தில் வந்துவிட்டன. அவற்றை விட்டுவிட்டுக் கீற எனக்கு மனம் வரவில்லை.

பழம்பொருள்கள் வைத்திருக்கும் ஒரு தனியார் நூதனசாலை தன் புல்வெளியில் என் படங்களைக் கண்காட்சியாக வைக்கச் சம்மதித்தபோது, செலவுக்குக் காசு போடும் அனுசரணை பிடித்துத் தந்தவன் சுகிர்தன். ஓவிய வகுப்பில் என்னோடு படித்தவன், பிறகு தூரிகையை விட்டு விளம்பரத் தொழிலுக்குப் போனவன். அம்மாவின் செத்தவீட்டில் எனக்காக ஓடித் திரிந்தவன். பெரிய படத்தை மாடியிலிருந்து இறக்க ஆள் வேண்டும் என்றதும் தானே வந்தான். "என்ட ஆள்தான்" என்று டோரினிடம் சொன்னேன், அவள் வழிவிட்டாள். அவன் போனைத் தூக்கி நாலாபக்கமும் படம் எடுத்தான். கைவிட்ட ஓவியத்தின் ஏக்கமாக்கும் என்று நினைத்து, எனக்கு அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது.

திறப்பு நாள் காலையில் புல்வெளிக்குப் போனேன். படங்கள் ஸ்டாண்டுகளில் ஏறியிருந்தன. வாசலில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு விளம்பரப் பெனர். என் துறைமுகம், என் கிரேன்கள். கொடிக்கயிறு இல்லை, கறிவேப்பிலை இல்லை. அந்த இடத்தில் கண்ணாடித் தடுப்பும் இரண்டு சாய்வு நாற்காலிகளும். கீழே, 'பதினாலாம் மாடியில் உங்கள் காலை. விரைவில் கொட்டாஞ்சேனையில்' என்று எழுதியிருந்தது.

சுகிர்தன் சிரித்தபடி வந்தான்.

"இதென்ன?" என்றேன்.

"ஸ்பொன்சர், பத்மா. சும்மா தருவினமே? உம்மட படம் ஊர் முழுக்கத் தெரியப்போகுது."

"அது டோரின்ட வீடு."

"அவவின்ட அண்ணன் ஓம் எண்டிட்டார். மேல நிண்டு எடுத்த வியூவை அனுப்பினனான், அண்டைக்கே சரி எண்டவர். அவவுக்கும் பங்கு வரும்தானே. நீர் ஏன் கோபிக்கிறீர்?"

என் பெயரைச் சொல்லிப் படியேறியவன், அந்த மாடியில் நின்றே அவள் வீட்டுக்கு வேட்டு வைத்திருக்கிறான். அதை என்னிடம் சொல்ல அவனுக்கு நா கூசவில்லை. கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்காமல் பெனர் கயிற்றை அவிழ்க்கப் போனேன். முடிச்சு இறுகிக் கிடந்தது.

"ஸ்பொன்சர் போனா கண்காட்சியும் போகும்" என்றான், பின்னால் நின்று.

போய்த் தொலையட்டும் என்று பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தேன். ஒரு பக்கம் கழன்று பெனர் சரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஓட்டோ வந்து நின்றது. டோரின், பூசைக்கு உடுக்கும் நீலச் சேலையில், கையில் கட்லட் பெட்டியோடு. கூட்டம் வருமுன் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று நான்தான் நேரத்தோடு வரச் சொல்லியிருந்தேன்.

சரிந்து தொங்கிய பெனரை அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கீழே இருந்ததை வாசித்தாள்.

"என்ட கறிவேப்பிலை எங்க பத்மா?"

அவள் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"நீங்களே நிண்டு கட்டுறீங்களா?"

"ஐயோ, இல்ல டோரின். அவிழ்க்கிறன். சத்தியமா எனக்கொண்டும் தெரியாது. இவன்தான்..."

அவள் சுகிர்தனைப் பார்த்தாள். முகம் நினைவு வந்துவிட்டது.

"இவரை மேல கூட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் கட்லட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்த ஓட்டோவிலேயே திரும்ப ஏறினாள்.