பெலிக்ஸின் நான்காவது பாட்டு

என் அண்ணன் பெலிக்ஸ் கிடார் வாசித்துப் பதிந்து வைத்தவை நான்கு கேசட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. உயிரோடு இருந்தவரை எதுவும் வெளிவரவில்லை. எழுபத்தேழில் மஞ்சள்காமாலையில் செத்தான். எட்டு மாதம் கழித்து மெட்ராஸ் கம்பெனி ஒன்று அவன் பெயரில் சின்ன ரெக்கார்டு போட ஒத்துக்கொண்டது. பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அவனோடு ராக் குழுவில் வாசித்த கிளாட்வின் அண்ணன்தான் அலைந்து திரிந்து முடித்தான். நன்றி சொல்ல வேண்டிய ஆள். நானோ அவனோடு சண்டை போட்டேன்.

நான்காவது கேசட்டைப் போட்டால் கப்பலில் வேலைக்குப் போயிருந்த அப்பா என்னிடம் பேசினார். "பிள்ள பிளாரன்ஸு, நீ பி.ஏ. பாஸானதுக்கு கப்பல்ல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தேன்..."

"ஏளா, இதை யாரு அழிச்சா?" என்றான் கிளாட்வின். "அழியக் கூடாதுன்னுதான பின்னாடி பிளாஸ்டிக் துண்டை ஒடிச்சு வச்சிருந்தான்? ஓட்டையில காகிதத்தை அடைச்சு மேல பதிஞ்சது யாரு?"

"நான்தான்யா. எனக்கு என்ன தெரியும்" என்றாள் அம்மா.

எங்கள் தெருவில் கப்பலுக்குப் போனவர்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புவோம். அவர்கள் அதன்மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அம்மாவுக்கு எந்தப் பொத்தான் எதற்கென்றே தெரியாது.

"அம்மா இல்ல. நான்" என்றேன். "ரிசல்ட் வந்த அன்னைக்கு அப்பாட்டப் பேசி அனுப்ப வேற கேசட் இல்ல. அவன் மறுபடி பதிஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

"அவன்ட்ட சொன்னியா?"

"சொல்லல. அதுக்குள்ள படுத்துட்டான்."

"விடு. பாட்டு எனக்கு மனப்பாடம். நானே வாசிச்சுருதேன். அவன் பேர்லதான வருது, எவனுக்குத் தெரியும்?" என்றான் கிளாட்வின்.

"வாசிக்கட்டும்ளா. நாலும் முழுசா வந்தாப் போதும்" என்றாள் அம்மா.

என் தப்பை மூட இதைவிட நல்ல வழி கிடையாது. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

"அவன் வாசிக்காததை அவன் பேர்ல போடவா? நான் அழிச்சது போதும்ணே."

"பி.ஏ. பேசுதா பாரு. மூணு பாட்டைக் கொண்டு போனா கம்பெனிக்காரன் வெளிய போன்னுருவான்."

நான் கேசட்டை நிறுத்தாமல் ஓடவிட்டேன். அப்பா பேசி முடித்தார். வெறும் இரைச்சல். அதன் பின் பெலிக்ஸின் கிடார். பாட்டின் கடைசி, நாற்பது விநாடி இருக்கும். ஓரிடத்தில் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே போய், அறுந்துவிடுமோ என்று பயந்த நேரத்தில் விட்டான்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை நான் மறந்தே போனேன்" என்றான் கிளாட்வின். "நான் வாசிச்சிருந்தா பாதியிலயே விட்டிருப்பேன்."

"இதையே நாலாவதாப் போடுங்க."

"நாப்பது செகண்டைப் பாட்டுன்னு எப்படிளா போட?"

"மிச்சத்தை அவன் தங்கச்சி அழிச்சுட்டாள்னு ரெக்கார்டு அட்டையில போடுங்க. என் பேரையும் போடுங்க."

"ஊரு காறித் துப்பும்ளா" என்றாள் அம்மா.

"துப்பட்டும்."

கிளாட்வின் என்னையே பார்த்தான். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினான்.

"நீயே எழுது. புரியும்படியா எழுது, அச்சுக்குப் போறது."