வருடம் முழுவதும் இங்கேதான் வசித்தீர்களா?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓரிகன் மாநிலத்து ரெய்னியர் ஊர் நூலகத்தில், இலவசமாக வரிக்கணக்கு நிரப்பித் தரும் மேஜைக்கு எதிரே காத்திருந்தபோது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் இருவர். அவர்கள் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை, எனக்கோ காது நன்றாகக் கேட்கும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "கொலம்பியா ஆற்றின் இரு கரையிலும் மழை..." வேண்டாம். இங்கே மழையில்லாத மார்ச் ஏது?

இரண்டாவது: "வரி என்பது உண்மையில் ஒரு மனிதன் தன் வீட்டை..." இதுவும் வேண்டாம். கதை ஆரம்பிக்கும் முன்பே கட்டுரை மூக்கை நுழைக்கிறது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: வெண்டல் கொர்ப்பி ஒரு பொய்யைச் சொல்லி, அதற்காக அதிக வரி கட்ட வந்திருந்தான்.

2

வெண்டலுக்கு ஆற்றின் அக்கரையில், வாஷிங்டன் மாநிலத்துக் காகித ஆலையில் வேலை. அங்கே சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. இக்கரை ஓரிகனில் உண்டு. இங்கே குடியிருப்பவன் அக்கரையில் சம்பாதித்தாலும் இங்கே கட்டியாக வேண்டும். போன வருடம் அவன் அங்கிருந்த டிரெய்லர் வீட்டை விற்றுவிட்டு, பள்ளிப் பேருந்து ஓட்டும் தன் காதலி நடீனின் இக்கரை வீட்டோடு வந்துவிட்டான். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது.

மேஜைக்குப் பின்னால் ஃபிலிஸ். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"முதல்ல சில கேள்வி கேக்கும்," என்று திரையைக் காட்டினாள். "ஏதாவது ஒண்ணு ஒத்துவரலைன்னாலும் உள்ள விடாது. அப்புறம் காகிதத்துல எழுதி தபால்லதான் அனுப்பணும். வருஷம் முழுக்க ஓரிகன்லதான் இருந்தீங்களா?"

"ஆமா," என்றான் வெண்டல்.

"இல்ல," என்றாள் நடீன்.

ஃபிலிஸ் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

"ஜனவரியிலேர்ந்தே இங்கதான்னு போடுங்க. கூட வர்ற வரிய நான் கட்டிக்கிறேன்," என்றான் வெண்டல்.

3

(இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. காகிதத்தில் எழுதச் சோம்பல்பட்டவன் என்று ஒரு பிரதியில் எழுதினேன். சோம்பலுக்காக யாரும் அரை மாதச் சம்பளத்தை விடமாட்டார்கள். ஆகவே அந்த வெண்டலைக் கிழித்துப் போட்டேன்.)

நடீனுக்கு அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

"பிப்ரவரியில எனக்குப் பித்தப்பைய எடுத்தாங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தது எங்கக்கா. கஞ்சி வச்சுக் கொடுத்தது எங்கக்கா. நீ வெள்ளிக்கிழமை பூ வாங்கிட்டு வந்த. ஞாயித்துக்கிழமை போயிட்ட."

"அதான் சொல்றேன்."

"என்ன சொல்ற?"

"அப்ப நான் இங்க இருந்திருக்கணும்."

"இருந்திருக்கணும்தான். ஆனா இல்ல. வரி கட்டி பிப்ரவரிய வாங்க முடியாது வெண்டல்."

அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். ஃபிலிஸ் 'இல்லை' என்பதை அழுத்தினாள். இந்தத் தளத்தை நீங்கள் பயன்படுத்தத் தகுதியில்லை என்று திரை மரியாதையாகச் சொன்னது.

"மெஷினே சொல்லிடுச்சு," என்றான் வெண்டல். "நான் லாயக்கில்லாதவன்னு."

"அத நான் எப்பவோ சொல்லியிருப்பேன், இலவசமா," என்றாள் நடீன். ஃபிலிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்துபோய்க் காகிதப் படிவத்தை எடுத்து வந்தாள்.

4

வருடத்தின் ஒரு பகுதி மட்டும் இங்கே வசித்தவர்களுக்கான படிவம் அது. குடிவந்த தேதி கேட்டது.

"ஜூன்," என்றான் வெண்டல். "டிரெய்லர வித்த அன்னைக்கு. பத்திரம் இருக்கு."

"வித்தது எப்பன்னு கேக்கல," என்றாள் ஃபிலிஸ். "இதுதான் இனிமே நம்ம வீடுன்னு இங்க இருக்க ஆரம்பிச்சது எப்ப?"

"ஏப்ரல்," என்றாள் நடீன்.

வெண்டல் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஈஸ்டருக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் நீ கிளம்பல. ஆலைக்குப் போட்டுட்டுப் போற பூட்ஸ வண்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்து கதவுக்கிட்ட வச்ச. திங்கக்கிழமை இங்கேர்ந்து வேலைக்குப் போன. அப்புறம் ஒரு நாள்கூட நீ அங்க படுக்கல."

"நீ ஒண்ணும் சொல்லலியே."

"கேட்டா எங்க திரும்பிப் போயிடுவியோன்னு பயம்."

வெண்டல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நான் அன்னைக்கு முடிவெல்லாம் எதுவும் பண்ணல, நடீன். போகத் தோணல. அவ்வளவுதான்."

நடீன் ஃபிலிஸைப் பார்த்தாள். "சட்டத்துக்கு அது போதுமா?"

"அவரு மனசுல எப்ப வீடாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போடறவருதான் சொல்லணும்."

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி அடித்திருக்கிறேன். ஒன்றில் வெண்டல் மண்டியிட்டு மோதிரத்தை... அவனுக்கு முழங்கால் வலி, அவள் சிரித்திருப்பாள். இன்னொன்றில் நடீன் எழுந்து போய்விடுகிறாள். பிப்ரவரிக்காக அவள் போவதாயிருந்தால் பிப்ரவரியிலேயே போயிருப்பாள்.

நடந்தது இதுதான். வெண்டல் பேனாவை எடுத்தான். தேதியை எழுதினான். படிவத்தை நடீன் பக்கம் தள்ளினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடியும் படித்தாள். பிறகு கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். அவன் போட்டான்.

"மீன் வாங்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டான் வெளியே போகும்போது. அவள் அவன் கையைக் கோத்துக்கொண்டு, "நீ பொரிக்கறதா இருந்தா," என்றாள்.

எந்தத் தேதி என்று நான் பார்த்தேன். எட்டிப் பார்க்கும் தூரம்தான். ஜனவரி இல்லை, அதுவரை சொல்வேன். மிச்சம் ஏப்ரலும் ஜூனும். இரண்டுக்கும் அவனிடம் நியாயம் இருந்தது. ஒன்றுக்குப் பத்திரம், ஒன்றுக்கு நடீன்.

நான் எழுதி வைத்தால் அது என் தேதியாகிவிடும். ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். பேனா உங்களிடம்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நீங்கள் எழுதுவதை அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படிப்பாள்.