பம்ப் ஓடிய நேரம்

பச்சை, பச்சை, பச்சை, மஞ்சள், மறுபடியும் பச்சை… ஆக, அவள் இல்லாமலே ஐந்து கட்டடங்களும் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன, ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை, இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் மடிக்கணினியைத் தொடைமேல் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள், மாவுக்கட்டுப் போட்ட இடது கால் இரண்டு தலையணைகளின் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. பன்னிரண்டாவது மாடிச் சாரத்தில் ஏறி இறங்கியவள், அலுவலக வாசலில், ஒரு சின்னப் படியில், யாரிடமோ போனில் கத்திக்கொண்டே கால் வைத்து… சிரித்திருப்பார்கள், எல்லா சைட்டிலும் சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை, வேலை நடப்பதைக் கண்காணிக்கிற பொறியாளர் நீங்கள், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே, படுத்துக்கொண்டே பாருங்கள் என்றார், அன்றிலிருந்து வாரா வாரம் இந்தச் சுருக்க அறிக்கைதான் அவளுக்குக் கண், முதல் பக்கத்தில் சைட்டுக்கு ஒரு நிறம், திட்டப்படி நடந்தால் பச்சை, தாமதமானால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு, மதியத்துக்குள் படித்துவிட்டு அவரிடம் போனில் ஒப்பிக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"அண்ணி, டீ. கம்ப்யூட்டர் மேல ஊத்திக்காதீங்க, அதுக்கும் கட்டுப் போட என்னால முடியாது." நாத்தனார். கணவனின் தங்கை. அவர் வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் போனபிறகு இவள் வந்துவிடுகிறாள், காலையில் தன் தையல் கடையைத் திறக்காமல், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே வந்துவிடுகிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் விசேஷ வீடுகளில் பார்த்து, இளைச்சுட்டீங்களே, நீதான் சதை போட்டுட்டே என்பதைத் தாண்டி இருவரும் என்ன பேசியிருக்கிறார்கள், ஒன்றுமில்லை, இப்போது தலை வாரிவிடுகிறாள், குளியலறைக்குத் தோளில் தாங்கிக் கூட்டிப் போகிறாள், முகம் சுளிக்காமல், ஒருநாள் தாங்கமுடியாமல் தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டபோது அப்படியே நின்று பார்த்தாள், "தேங்க்ஸா? எனக்கா? கால்ல அடிபட்டா தலைக்கும் ஏறிடுமா அண்ணி?" அதற்குப்பிறகு சொல்லவில்லை, சொல்லாத நன்றியெல்லாம் எங்கே போய்ச் சேரும், உடம்புக்குள்ளேயே கிடந்து ஊறுமோ என்னவோ.

டீயைக் குடித்துக்கொண்டே முதல் பக்கத்தைத் தாண்டினாள். முன்பெல்லாம் தாண்டமாட்டாள், நிறத்தைப் பார்ப்பாள், சதவீதத்தைப் பார்ப்பாள், மூடிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், நேரில் பார்க்கப் போகிறவளுக்குக் காகிதம் எதற்கு என்ற திமிர்தான், இப்போது பொழுது போகவேண்டுமே, பின்பக்கங்களையும் தொடர்கதை மாதிரி விடாமல் படிக்கிறாள், எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எத்தனை லோடு சிமெண்ட், எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது… மூன்றாவது சைட், மருத்துவமனைக் கட்டடம், தரைக்குக் கீழே மூன்று தளத்துக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், வேலை திட்டத்தைவிட இரண்டு சதவீதம் முன்னால், விபத்து இல்லை, பச்சை, சபாஷ். பம்ப் ஓடிய நேரம், நாளொன்றுக்கு, ஒன்பது மணி நேரம். பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை வெளியேற்றுகிற பம்ப், அது ஓடத்தான் செய்யும். அடுத்த சைட்டுக்குப் போனாள், குளியலறை ஓடு வரவில்லையாம், அதனால்தான் மஞ்சள், ஓடு வராததற்கு அரைப்பக்க விளக்கம், படித்துக்கொண்டிருக்கும்போதே மனம் மட்டும் பின்னால் தங்கிவிட்டது, ஒன்பது என்பது பட்டியலில் முதல் வாரத்துக் கணக்கு அல்லவா, அதற்குக் கீழே என்ன இருந்தது? திரும்பிப் போனாள். ஒன்பது, பதினொன்று, பதினான்கு, பத்தொன்பது. வாரத்துக்கு வாரம் ஏறியிருக்கிறது. மழையா, மழை இல்லை, நான்கு வாரமும் மழை என்ற இடத்தில் இல்லை என்றே போட்டிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பிடுங்குகிறது. ஆழமாகத் தோண்டியிருப்பார்களோ, ஆழம் போகப்போகத் தண்ணீர் கூடும், ஆனால் தோண்டுவதுதான் முடிந்துவிட்டதே, இப்போது அடித்தளத்துக்குக் கான்கிரீட் அல்லவா போட்டுக்கொண்டிருக்கிறார்கள்… பிறகு எங்கிருந்து வருகிறது இவ்வளவு தண்ணீர்?

போன் செய்யலாமா, செய்தால் என்ன நினைப்பான், படுத்துக்கிட்டும் இந்தம்மா விடமாட்டேங்குது என்பான், அந்த சைட் பொறியாளருக்கு ஆச்சு என்றே பெயர், எதைக் கேட்டாலும் ஆச்சு மேடம், ஆச்சு மேடம், கேள்வி முடிவதற்குள் ஆகிவிடும். நினைக்கட்டும். போட்டாள்.

"மேடம், கான்கிரீட் ஆச்சு மேடம், பாதி ஆச்சு."

"அது இருக்கட்டும். பம்ப் ஏன் இவ்வளவு நேரம் ஓடுது?"

"தண்ணி வருது மேடம், எடுக்கிறோம். வேலை எங்கயும் நிக்கலையே."

"வர்ற தண்ணி எப்படி இருக்கு?"

"எப்படின்னா… தண்ணி மாதிரிதான் மேடம் இருக்கு."

"கலங்கலா, தெளிவா? ஒரு வாளியில பிடிச்சு வெச்சுப் பாருங்க. யாரையும் கேட்டுட்டுச் சொல்லாதீங்க, நீங்களே பார்த்துட்டுச் சொல்லுங்க."

தெளிவாக இருந்தால் பயமில்லை, தெளிந்த தண்ணீர் தண்ணீரை மட்டும்தான் கொண்டுவரும், கலங்கலாக இருந்தால் மண்ணையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், எந்த மண்ணை, தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கிற மண்ணை, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது… தெரு. தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குட்டிக் குட்டியாக நிற்பார்கள், மண் தோண்டும் இயந்திரத்துக்கு யானை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் யானை மாமா, அவரும் இயந்திரத்தின் கையைத் தூக்கி அவர்களுக்கு வணக்கம் வைப்பார், எரிபொருள் வீண் என்று அவள் ஒருமுறை சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்திருக்கிறாள். டீ ஆறிவிட்டது. சும்மா இருக்கலாம், ஒன்றும் இருக்காது, பம்ப் பழசாகியிருக்கும், இழுக்கிற சக்தி குறைந்திருக்கும், அதனால் அதிக நேரம் ஓடுகிறது, அவ்வளவுதான்… போன் அடித்தது.

"மேடம்." ஆச்சு என்று சொல்லவில்லை. "மணல் வருது மேடம். வாளியில அடியில மூணு விரல் உயரத்துக்கு நிக்குது."

அவள் குரல் ஆச்சரியமாக நிதானமாக இருந்தது, யாருடைய குரலோ மாதிரி, பள்ளத்துக்குள் இருக்கிற எல்லாரையும் மேலே ஏற்றுங்கள், தெருவை இரண்டு பக்கமும் அடையுங்கள், காப்பகத்துக் குழந்தைகளை எதிர்ப்பக்கம் இருக்கிற நூலகத்துக்குக் கொண்டுபோங்கள், நீங்களே போய்ச் சொல்லுங்கள், தோண்டின மண்ணை எல்லாம் அந்தச் சுவருக்கு உள்பக்கமாக முட்டுக் கொடுக்கிற மாதிரி மேலிருந்தே கொட்டச் சொல்லுங்கள், மழையே இல்லாமல் இவ்வளவு தண்ணீர் என்றால் தெருவுக்கு அடியில் போகிற குடிநீர்க் குழாய்தான் உடைந்திருக்க வேண்டும், அதை மூடச் சொல்லி நாங்கள் பேசுகிறோம்.

"ஒண்ணும் ஆகலைன்னா மேடம்? கான்கிரீட் பாதியில நிக்குது…"

"ஒண்ணும் ஆகலைன்னா என்னைத் திட்டுவாங்க. நான் படுத்துக்கிட்டே வாங்கிக்கிறேன். நீங்க ஓடுங்க."

முதலாளி முழுவதையும் கேட்டார், குறுக்கே பேசவில்லை, கடைசியில், "நிறுத்தலாமான்னு கேக்கறீங்களா, நிறுத்திட்டேன்னு சொல்றீங்களா?" என்றார். நிறுத்திட்டேன் சார். அடுத்த வாரம் மருத்துவமனைக்காரர்கள் பார்வையிட வருகிற வேலை இது, அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "சரிம்மா. அப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க." அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் அவருடைய கோபங்கள் அத்தனையையும் மன்னித்துவிட்டாள், குடிநீர் வாரியத்துக்குச் சொல்லுங்கள் சார், நீங்கள் சொன்னால் உடனே மூடுவார்கள்.

அதற்குப்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. சைட்டில் என்றால் ஓடலாம், கத்தலாம், இங்கே சுவர்க்கடிகாரமும் மாவுக்கட்டும். மணல் எவ்வளவு நாளாகப் போய்க்கொண்டிருக்கிறது, பத்தொன்பது மணி நேரம் தினமும், வாளி வாளியாக, எத்தனை வாளி, தெருவுக்கு அடியில் இப்போது என்ன மிச்சம் இருக்கும், மேலே தார் மட்டும் பாய் மாதிரி விரித்துக் கிடக்குமோ, அதன்மேல் இப்போது யார் நடந்துகொண்டிருக்கிறார்கள்… நாத்தனார் எப்போது வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை, என்ன ஏது என்று கேட்கவில்லை, நல்ல காலின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பிடித்துவிட்டாள், கடைச் சாவி அவள் இடுப்பில் லேசாகச் சத்தம் போட்டது. குழந்தைகளை அவ்வளவு சீக்கிரம் நடத்திக் கூட்டிப்போக முடியுமா, செருப்புத் தேடும், பொம்மை தேடும், ஒன்று நடந்தால் ஒன்று உட்கார்ந்துகொள்ளும்… போன் அடித்தது.

"ரோடு போச்சு மேடம்."

"யாராவது…"

"யாரும் இல்ல மேடம், யாருமே இல்ல." அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "ஒரு ரூம் அளவுக்கு அப்படியே உள்ள இறங்கிடுச்சு. ஒரு விளக்குக் கம்பம் போச்சு, ஒரு பைக் போச்சு. என் பைக்தான் மேடம். அடைக்கப் போன அவசரத்துல அங்கயே நிறுத்திட்டு ஓடிட்டேன்." பிள்ளைகள்? "லைப்ரரியில ஜூஸ் குடிச்சிட்டு இருக்காங்க. யானை மாமாதான் ரெண்டு ரெண்டு பேரா தோள்ல தூக்கிட்டுப் போனாரு, திரும்ப வந்து மண்ணையும் கொட்டிட்டாரு. சுவர் நிக்குது மேடம். தண்ணியும் நின்னுடுச்சு." அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள், நாத்தனாரும் எதற்கென்று தெரியாமலே கூட அழுதாள், பிறகு விஷயம் தெரிந்து இன்னொருமுறை முறையாக அழுதாள்.

யாருக்கு நன்றி சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது… ஒவ்வொரு நாளும் பம்ப்பை நிறுத்தும்போது நேரத்தைக் குறித்த யாரோ ஒருவருக்கு, நேற்றுப் போலத்தான் இன்றும் என்று சோம்பேறித்தனமாக ஒன்பது, ஒன்பது என்று போடாத அந்த மனிதருக்கு. அறிக்கையைச் சுருக்கித் தருகிற அலுவலகப் பெண்ணுக்கு. அவளைக் கூப்பிட்டாள், அந்தப் பம்ப் கணக்கை விடாமல் போட்டாயே அம்மா, நீ நல்லா இருக்கணும் என்றாள், அந்தப் பெண் பயந்துபோய், "இல்ல மேடம், பக்கம் நீளமாகுது, யாரும் பார்க்கிறதில்ல, எடுத்துடுன்னு சொன்னாங்க, நீங்கதான் ஒருதடவை இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னீங்க, அதான் விட்டுட்டேன்" என்றது. நான் சொன்னேனா, எப்போது, நினைவே இல்லை, ஏதோ வேறு யோசனையில் கையசைத்திருப்பேன், அப்படி அசைத்ததற்கும் ஒரு நன்றியா… சிரிப்பு வந்தது. நாத்தனார் புது டீ கொண்டுவந்தாள், சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தாள், இவள் அப்படியே குடித்தாள், நன்றாகத்தான் இருந்தது. இனி குழாயைப் பழுது பார்க்க வேண்டும், தெருவுக்கு அடியில் கான்கிரீட் நிரப்ப வேண்டும், வேலை எப்படியும் ஒரு மாதம் தள்ளிப்போகும், மூன்றாவது சைட்டுக்கு எதிரே இருந்த பச்சையை அவளே சிவப்பாக்கினாள், ஒரு சைட்டைச் சிவப்பாக்கும்போது மனம் இப்படி நிறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

மதியத்துக்குமேல் ஆச்சு மறுபடி கூப்பிட்டான், முதலாளி சைட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அவனுக்குப் புது பைக் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம், குரலில் பழைய வேகம் திரும்பியிருந்தது. "படுத்த இடத்துலேர்ந்தே பிடிச்சிட்டீங்களே மேடம். நீங்க மட்டும் இங்க இருந்திருந்தா முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்பீங்க."

ஆமாம் என்று வாய்வரை வந்தது. முதல் வாரம்… ஒன்பது பதினொன்றான வாரம். அந்த வாரம் அவள் விழவில்லையே, அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தானே நின்றாள், பம்ப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது, குளியலறை ஓடு தருகிற வியாபாரி போனில் என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை, சனியன் பிடித்த சத்தம் என்று திட்டிவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தள்ளிப்போய் நின்று பேசினாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி." காலைப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிருப்பேனா… தெரியல."